எல்லோரும் தொட்ட துப்பாக்கி

துப்பாக்கியின் கட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

மீரா சாகிப் கையை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றது. வெளியே அமீரகத்துப் புஜைராவின் பகல் ஒரு மணி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தாலும் கடைக்குள் ஏசி பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. பெட்டிக்குள் வரிசையாக நின்ற துப்பாக்கிகளின் மீது பார்வை பட்டாலே குளிரும். மேசை மேல் கிடந்த இந்த இரட்டைக் குழல் மட்டும், யாரோ இப்போதுதான் தலையை எடுத்துக்கொண்டு எழுந்துபோன தலையணை மாதிரி, கன்னம் படுகிற இடத்தில் சூடாக, லேசான ஈரத்தோடு இருந்தது.

"இப்பத்தான் யாராச்சும் எடுத்துப் பாத்தாங்களா தம்பி?"

"காலையிலேர்ந்து ஈ, காக்கா கூட எட்டிப் பாக்கல. உங்களைச் சொல்லல காக்கா, பறக்குற காக்காவைச் சொன்னேன்" என்று சிரித்தான் கலீலுர் ரஹ்மான். காயல்பட்டினத்துப் பையன், கடையின் சேல்ஸ்மேன்; அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மதிய இடைவேளைக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். பின்னறையில் கடை முதலாளியான அரபி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மீரா சாகிபுக்கு ஊர் கீழக்கரை. மூன்று தலைமுறை ரத்தினக்கல் வியாபாரம் நொடித்த பிறகு இங்கே வந்து ஓர் அரபாபிடம், விசா கொடுக்கிற அரபு எஜமானரிடம், ஒட்டிக்கொண்டவர். அரபாபிடம் பணம் இருந்தது, பேரம் பேச வெட்கமும் இருந்தது. மீரா சாகிபிடம் இரண்டும் இல்லை. அதனால் ஆட்டுக்குட்டி முதல் லேண்ட் குரூசர் டயர் வரை அந்த வீட்டுக்கு வாங்குவது அவர்தான். இப்போது துப்பாக்கி. புதுசு இத்தாலியிலிருந்து வர மூன்று மாதம் ஆகும், அரபாபோ வியாழக்கிழமை வேட்டைக்குக் கிளம்புகிறார். இருப்பது டிஸ்ப்ளேக்கு வைத்த இந்த ஒன்றுதான். "பாதி விலைக்கு முடி. நாலு மணிக்கு லைசென்ஸோடு வந்து எடுத்துக்கொள்கிறேன். அப்படியே உன் பெண்டாட்டி விசா பேப்பரிலும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றிருந்தார். சித்தி மரியம் என்கிற அந்தப் பெண்டாட்டியை நிக்காஹ் செய்து ஆறு வருஷம். இதில் மூன்று லீவு போக மிச்சமெல்லாம் டெலிபோன் கார்டு. இன்றோடு அதற்கு ஒரு கலாஸ், முடிந்தது என்று, சொல்லிவிடலாம்.

குனிந்து முகர்ந்தார். எண்ணெய் வாசனை இல்லை. லேபர் கேம்ப்பில் ஷிப்ட் மாற்றி மாற்றி நாலு பேர் படுக்கிற கட்டிலின் தலையணை உறை, அதன் மேல் பழைய அத்தர், அதற்கும் அடியில் தூக்கத்தில் வழிந்து காய்ந்த எச்சில். டிஷ்யூவை உருவித் துடைத்தார். மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது, அதில் ஒரு நரைத்த தாடி மயிர், ஒரு சுருண்ட கறுப்பு மயிர். திரும்பத் துடைத்தார். இப்போது செம்பட்டையாக ஒன்று.

"என்னடா தம்பி இது, துப்பாக்கியா, சலூன் நாற்காலியா?"

"எட்டு வருஷமா வெளியில கெடக்கு காக்கா. வர்றவன் எல்லாம் இதைத் தூக்கிக் கன்னத்துல வெச்சுப் பாப்பான், அப்புறம் உள்ள இருக்குற புதுசை வாங்கிட்டுப் போவான். இதையே வேணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

வேறொருவர் என்றால் அந்த டிஷ்யூவைப் போட்டுவிட்டு அப்படியே ரோட்டுக்கு இறங்கியிருப்பார். மீரா சாகிப் கல்லில் கீறல் பார்த்துப் பிழைத்த குடும்பம். குறை என்று ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குப் பயம் வராது, விலை இறங்குவதுதான் தெரியும். அருவருப்பை விழுங்கிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நாலு மணிக்கு அரபாபும் இப்படித்தான் வைப்பார்.

கட்டை அவர் கன்னத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அளவுக்கு மீறிப் பொருந்தியது. எடுக்கும்போது தோல் கொஞ்சம் அதனோடு போய், பிறகு 'ப்ச்' என்று விட்டது. யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. அவர் விழுங்கவில்லை.

"வாயால வெலை பேச வேணாம் காக்கா" என்று கலீல் கிசுகிசுத்தான். "முதலாளிக்குத் தூக்கத்துலயும் நம்பர் காதுல விழும். நம்ம ஊர்ப்பக்கத்து மாதிரி துண்டைப் போடுங்க, உள்ள விரலைப் பிடிச்சுப் பேசிக்கலாம்."

மீரா சாகிப் தோளிலிருந்த கட்டம்போட்ட துண்டை எடுத்து, மேசைமேல் கிடந்த துப்பாக்கியின் மீது விரித்தார். ஒரு பக்கமாகக் கையை உள்ளே நுழைத்தார். நுழைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அது அவர்கள் வீட்டுப் பழக்கம். கண் பேசிவிட்டால் விரலால் பொய் சொல்ல முடியாது.

கை வந்தது. அவருடைய நான்கு விரல்களைப் பிடித்தது. அதாவது நாலாயிரம் திர்ஹம், முழு விலை. அவர் உதறிவிட்டு இரண்டைப் பிடித்துக் காட்டினார். மூன்று என்றது. அவர் அசையவில்லை. ஏசி உறுமியது, பின்னறைக் குறட்டை ஏறி இறங்கியது, துண்டுக்குள் சூடு கூடிக்கொண்டே போனது. இரண்டு என்றது. பாதி விலை! சித்தி மரியம் துபாய் ஏர்போர்ட்டில் பெட்டி தள்ளிக்கொண்டு வருவது கண்ணுக்குள் தெரிந்தது. விடாமல் ஒற்றை விரலைப் பிடித்தார்.

பிடித்த விரல் தடித்திருந்தது. அடியில் மோதிரம். பக்கத்து விரல் எலும்பும் தோலுமாக, கிழவனுடையது. அதற்கடுத்ததில் நகம் பிளந்திருந்தது. அதற்கடுத்தது மெத்தென்று, சின்னதாக, ஒரு குழந்தையுடைய விரல். எல்லாம் ஒரே உள்ளங்கையில். எல்லாம் ஈரம்.

வாசலில் ஷட்டர் கிரீச்சிட்டது.

"மாஃபி, மாஃபி, இப்ப கடை இல்ல, நாலு மணிக்கு வாங்க பாய்" என்று யாரிடமோ கலீல் சொன்னான். குரல் வாசலிலிருந்து வந்தது.

மீரா சாகிப் கண்ணைத் திறந்தார். கலீல் ஷட்டரைத் தரை வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும்.

"வந்துட்டேன் காக்கா. நீங்க துண்டு விரிக்கிறப்பவே ஒருத்தன் தட்டிட்டான். அதுக்குள்ள கையை விட்டுட்டீங்களா? நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

உள்ளே ஒரு கட்டைவிரல் அவர் உள்ளங்கையை மெல்லத் தடவியது. பிறகு, தானாகவே, விட்டது.

அவர் கையை உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டினார். விரலிடுக்கில் ஒரு மயிர். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். சொல்ல வேண்டும். கையை விடாதே தம்பி என்று சொல்ல வேண்டும்.

குனிந்து ஷட்டருக்குக் கொக்கி போட்டுவிட்டு வந்த கலீல், அவர் நின்ற பக்கம் பார்க்காமலே உட்கார்ந்தான். அவனும் ஊர்ப்பழக்கம் தெரிந்தவன். கையைத் துண்டுக்குள் விட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

"மூணு" என்று முனகினான். "அட, என்ன காக்கா... சரி, ரெண்டரை."

துண்டு அசைந்தது.

"ரெண்டு."

நாலு மணிக்கு அரபாப். பேனா. கையெழுத்து. மீரா சாகிப் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். விலை இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்னா? கொல்றீங்களே." கலீல் கண்ணை மூடியபடியே சிரித்தான். "சரி. முடிஞ்சுது. சந்தோஷமா?"

கலீல் கையை இழுத்தான். வரவில்லை.

"முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்ல, விடுங்க."

துண்டின் மேல் கன்னம் அளவுக்கு ஓர் ஈரம் விரிந்தது. அந்த இடம் மெல்லப் புடைத்து, கலீல் இருந்த பக்கமாகத் திரும்பியது.

"விடுங்க காக்கா. ஏன் உங்க கை இப்படி வேர்க்குது?"