கூற்றுக்கு எதிரே ஒரு நாற்காலி

அவையோரே, சற்றே திரும்பிப் பாருங்கள். காதலில் பித்தேறிய கவிஞன் மேடையில் நின்று ‘நீ, நீ’ என்று கதறும்போதெல்லாம் கைதட்டிப் பழகிய நாம், அந்த ‘நீ’ எங்கே அமர்ந்திருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த அநீதிக்கு இன்று நீங்களே சாட்சி. அவள் பெயர் கார்குழலி.

ஞாயிறு ஆனபடியால் எந்திரங்கள் ஓய்ந்து, தகரக் கூரைகள் வெயிலில் முனகிக்கொண்டிருந்த தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், பூட்டிய பட்டறை ஒன்றின் பின்கட்டிலிருந்த ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்ததும், அவள் கண்ணை உறுத்தியது ஒரு சிறு பிழை. கதவின் உட்புறம் கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சதுரத் துளை மட்டும் இருந்தது.

“கழண்டு போச்சு. நாளைக்கு மாட்டிடுவாங்க,” என்றான் கலைவாணன். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு ஓசையே இல்லாமல் மூடிக்கொண்டது.

அவன் காதலை இருமுறை மறுத்தவள் அவள். அவள் தமிழ் கற்பிக்கும் பள்ளியின் வாசலிலும், நெல்லித்தோப்பில் அவள் வீட்டுக்கு எதிர்க்கடையிலும் ஓராண்டாக நின்றவன் அவன். நேற்று வீட்டுக்கே வந்து, அவள் தந்தை ஆதிமூலத்தின் முன்னால் கைகூப்பினான். “எல்லாத்தையும் கவிதையா எழுதிட்டேன்யா. அவங்க எதிர்ல உக்காந்து ஒரே ஒரு தடவ கேட்டா போதும். அதோட தலைமுழுகிடுறேன்.”

அப்பா சிரித்தார். “போய்ட்டுதான் வாயேம்மா. கவிதை படிக்கிறவன் கடிக்கவா போறான்?”

அரைமணி நேரம் செவிகொடுத்தால் ஆயுளுக்கும் விடுதலை என்று நம்பி வந்தாள்.

சுவரெங்கும் சாம்பல்நிற நுரைப்பஞ்சு. அதன் பசை நாற்றமும் குளிரூட்டியின் ஈரக்காற்றும் தொண்டையில் படிந்தன. அந்தப் பஞ்சு ஓசையனைத்தையும் உறிஞ்சியதால், சொந்தச் செருமலே யாரோ அடுத்த தெருவில் இருமியதுபோல் அவளுக்குக் கேட்டது. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒலிவாங்கி ஒன்றே ஒன்று, அவன் பக்கம்.

“தலைப்பு ‘தலைவன் கூற்று’. நீ டீச்சராச்சே, தெரியாததா? எதிர்ல கேக்க ஆள் இருந்தாதான் அது கூற்று. இல்லன்னா வெறும் பொலம்பல்.”

அப்பாவின் முன்னால் ‘அவங்க’. இங்கே ‘நீ’.

“அவளுக்கு வரி எதுவும் இல்லீங்களா?”

“கேக்கிறவளுக்கு ஏது வரி?”

கூற்று என்றால் பேச்சு. எமனுக்கும் அதுவே பெயர். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! இன்றுதான் அந்த இரண்டு பொருளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் தொடங்கினான்.

“நீலச் சேலையின் கிழிசலை இடத்தோளில் ஊக்கால் மறைத்தவளே…”

அவள் கை தோளுக்குப் போனது. வீட்டைவிட்டுக் கிளம்பும் கணத்தில்தான் அந்தச் சேலை கிழிந்தது. அவன் கையிலிருந்ததோ அச்சடித்த தாள்.

“தோளைத் தொடுகிறாய். இனிக் கதவைப் பார்ப்பாய். பார்க்காதே, கண்ணே. கதவும் என் சொல்லைத்தான் கேட்கும்.”

அவள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க. நான் வீட்டுக்குப் போவணும்.”

அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு பத்தியின் கீழும் அடைப்புக்குறிக்குள் ஒரே குறிப்பு: (அவள் மௌனம்).

“பேசனேனே! இப்போ பேசனேனே!”

“மைக் என் பக்கம் இருக்கு குழலி.” அன்போடு சொன்னான். “ஒத்திகைப் பதிவு ஒண்ணு இருக்கு. போன வாரம் எடுத்தது. கேளு.”

காதில் ஒலிக்கருவியை மாட்டிவிட்டான். அவன் குரல். இடைவெளி. அந்த இடைவெளியில் தொலைவிலிருந்து மெல்லிய தட்டல். மீண்டும் அவன் குரல். மீண்டும் தட்டல், இம்முறை வேகமாக.

“என்னது இது?”

“நீ கதவத் தட்டுற சத்தம். பறை மாதிரி, எவ்ளோ அழகா விழுந்திருக்கு பாரு.”

“நான் தட்டவே இல்லியே!”

அவன் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து கைப்பிடியை எடுத்தான். துளையில் செருகினான். திருகினான். வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

அவள் பாய்ந்தாள்.

அவன் வெளியே நழுவினான். கோடு மறைந்தது.

பசை நாற்றம். சிவப்பு விளக்கு. கழன்று விழுந்த ஒலிக்கருவியில் அவன் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது: “இப்போது கை ஓங்குகிறாய்.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தட்டினால் அவன் எழுதிய பறை. தட்டாவிட்டால் அவன் எழுதிய மௌனம்.

குரல் நின்றது. இடைவெளி.

அது காத்திருந்தது.

அவையோரே, அந்தக் கவிதை உங்கள் ஊர் மேடைக்கும் வரும். வரிகளுக்கு நடுவே பறைபோல் ஏதோ கேட்கும். பக்கத்து இருக்கைக்காரர் ஆகா என்பார். நீங்கள் கைதட்டாதீர்கள். எழுந்திருங்கள். போய் அந்தக் கதவைத் திறங்கள்.