யாரும் தேய்க்காத கார்டு

காலை பத்து பத்துக்குத் திருட்டு வெளியே வந்தது. போனது நகையும் இல்லை, பணமும் இல்லை. நூற்று எழுபத்தோரு மதிப்பெண்.

மருத்துவமனை நர்ஸ் ஒருத்தி, விமான டிக்கெட்டுக்குச் சலுகை தரும் ரிவார்டு கார்டு கேட்டு வங்கியில் விண்ணப்பித்திருந்தாள். போன வருஷம் அவளுடைய கிரெடிட் ஸ்கோர் 782. அந்த ஸ்கோருக்கு எந்த வங்கியும் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கார்டு கொடுக்கும். இன்று கணினி 611 என்று காட்டி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது.

புகார் பிரிவு அதிகாரிக்கு அலுவலகத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். முப்பத்தோரு வருஷமாகப் போலிக் கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாளுக்குக் கண்ணும் மனசும் ஒருசேரக் களைத்துவிட்டன. பாதித் திருடர்கள் பறிகொடுத்தவர் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்துபோன பிறகு இந்த வேலையில் என்ன சுவாரஸ்யம்? பெருமூச்சு விட்டுக்கொண்டே கோப்பைத் திறந்தார்.

எட்டு மாதத்துக்கு முன், மாதத்தின் கடைசி நாள், மாலை ஐந்து நாற்பதுக்கு நர்ஸ் பெயரில் இதே வங்கியில் ஒரு கார்டு கேட்கப்பட்டிருந்தது. மளிகைச் செலவுக்குப் பாயின்ட் தரும் ரிவார்டு கார்டு. ஒரே விண்ணப்பம், முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. கையெழுத்து போலி. தொலைபேசி எண் இப்போது உயிரோடு இல்லை. அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் மட்டும் அசல். கட்டாமல் விட்ட நுழைவுக் கட்டணமும் அதன் மேல் ஏறிய அபராதமும் சேர்ந்து ஸ்கோரைத் தின்றுவிட்டன. வேறு வரவும் இல்லை, செலவும் இல்லை. சேர்ந்ததற்கு வங்கி கொடுத்த இரண்டாயிரம் பாயின்ட் அப்படியே கிடந்தது.

விண்ணப்பம், வங்கிகளுக்குக் கார்டு விற்றுத் தரும் ஒரு வெளி ஏஜென்சி மூலம் வந்திருந்தது. அங்கே யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கடிதம் எழுதிக் கேட்டால் பதில் வரப் பதினைந்து நாள் ஆகும். நர்ஸுக்கோ பதினைந்து மணி நேரம்கூடப் பொறுக்க மனமில்லை. வீட்டுக்கு வந்த கார்டு கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள் கணவன். பஸ் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன் ஆன்லைன் ரம்மியில் தோற்று அவள் சங்கிலியை அடகு வைத்தவன். அதற்குப் பிறகு சீட்டைத் தொட்டதில்லை என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"சாயங்காலத்துக்குள்ள அவரு தன் அண்ணன் வீட்டுக்குப் போயிடணும்னு ஃபோன்ல சொல்லிட்டேன் மேடம். இனிமே என்னால முடியாது."

பதினொன்றரைக்கு நர்ஸின் தங்கை வந்தாள். அதே வீட்டு மாடியில் குடியிருப்பவள். ஷாப்பிங் மாலில் பல வங்கிகளின் கார்டை விற்கும் கவுன்டரில் வேலை. அக்காவுக்கு விமானச் சலுகைக் கார்டைத் தேர்ந்து சொன்னதும் அவள்தான். எழுநூறுக்குச் சாதாரணக் கார்டு, எழுநூற்றைம்பதுக்கு மேல் ரிவார்டு கார்டு, அறுநூறைச் சுற்றி இருந்தால் வைப்புத்தொகை கட்டி வாங்கும் கார்டு என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தாள். மாமா நல்லவர்தான், ஆனால் பழக்கம் அவ்வளவு சுலபமாக விடுமா என்று வருத்தப்பட்டாள்.

பிற்பகல் இரண்டேகாலுக்கு டிரைவர் வந்தான். சட்டையில் டீசல் வாடை.

"கவரை வாங்கினது நீங்கதானே?"

"ஆமா."

"உள்ளே என்ன இருந்தது?"

"நான் பிரிக்கலை மேடம்."

"அப்புறம் அது எங்கே போச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "வீட்டுலதான்."

"கார்டை எடுத்தது நீங்களா?"

"இல்லைன்னு காலையிலேயே அவகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன். திரும்பத் திரும்பச் சொன்னா பொய் மாதிரிதான் இருக்கும்."

பூதக்கண்ணாடிக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருப்பதைக் கோப்பில் ஆதாரமாகச் சேர்க்க முடியாது. தேநீரை ஆறவிட்டுக் கோப்பை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

நாலு மணிக்கு மூவரையும் எதிரே உட்காரவைத்தார்.

"பணம் வேணுங்கிறவன் கார்டைத் தேய்ச்சிருப்பான். இதை யாரும் ஒரு தடவைகூடத் தேய்க்கலை. சும்மா கிடந்த பாயின்ட்டையும் தொடலை. அப்போ இந்தத் திருடனுக்குக் கார்டு வேண்டாம். கார்டு பாஸானா போதும்."

கார்டு பாஸானால் யாருக்கு லாபம் என்று அவரே கேட்டு அவரே விளக்கினார். விற்றவருக்கு. அதுவும் மாதக் கடைசி நாள் மாலையில், விற்பனை இலக்கு முடியாமல் தவிப்பவருக்கு. ஸ்கோர் கணக்குத் தெரியாதவன் நாலு கார்டுக்கு விண்ணப்பித்துப் பார்த்திருப்பான். இவரோ 782க்கு எது நிச்சயம் கிடைக்கும் என்று பார்த்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்.

"அந்த மாசம் உனக்கு எத்தனை கார்டு குறைஞ்சுதும்மா?"

"ரெண்டு," என்றாள் தங்கை. ஒரு ரிவார்டு கார்டு இரண்டு சாதாரணக் கார்டாகக் கணக்கில் சேரும். அக்காவின் வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது எடுத்த நகல்கள் கையில் இருந்தன. தொடாமல் விட்டால் கட்டணம் தள்ளுபடியாகிக் கார்டு தானே ரத்தாகும். கவுன்டரில் எல்லோரும் வீட்டு மனிதர்கள் பெயரில் அப்படித்தான் இலக்கை முடிப்பார்கள். அந்தத் தள்ளுபடியை வங்கி அந்த மாதம்தான் நிறுத்தியிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

ஏஜென்சிக்குத் தகவல் போகும், வேலை நிலைக்காது என்று பூதக்கண்ணாடி சொன்னார். சொல்லும்போது அவருக்கே கசந்தது. பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"கவரை யார்கிட்ட குடுத்தீங்க?"

"மச்சினிச்சிகிட்டதான். அவளே கேட்டு வாங்கிக்கிட்டா."

நர்ஸ் விலுக்கென்று நிமிர்ந்தாள். "அதை ஏன் காலையிலேயே சொல்லலை?"

"உன் தங்கச்சிதான் வாங்கினான்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அந்த நேரத்தில் அவள் பொய்யாகவாவது 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம் என்று பூதக்கண்ணாடிக்குத் தோன்றியது.

போலிக் கார்டை அவள் கணக்கிலிருந்து நீக்கினால் ஸ்கோர் நாற்பத்தைந்து நாளில் பழையபடி ஏறிவிடும் என்று அவர் படிவத்தை நீட்டினார். நர்ஸ் அதைப் பார்க்கவே இல்லை.

"வீட்டுக்கு வாங்க," என்றாள் கணவனிடம், மெதுவாக.

"வரேன். இன்னைக்கு வேண்டாம்." குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. பூதக்கண்ணாடிக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். நர்ஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.