கோல்கீப்பர் போட்ட இரண்டு கோல்

ருமானா கோல்கீப்பர். காலையில் நடந்த அரையிறுதி ஹாக்கி ஆட்டத்தில் அவள் கோல் கம்பத்தை விட்டு நாலடி கூட நகரவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தபோது, ஆட்டக் கணக்கை ஊரே பார்க்கும் இணையப் பக்கத்தில் அவள் பெயருக்கு நேரே ‘கோல் 2’ என்று இருந்தது.

அந்த இரண்டு கோலையும் போட்டவள் அதே அணியில் ஆடும் பொன்மணி. கரிசல் புழுதி அப்பிய சட்டையோடு, டீச்சரின் போனை வாங்கி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். போனை வைத்தபோது அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது.

“எங்க அம்மா விளாத்திகுளம் பக்கம் மொளகாக் காட்டுல வேலைக்குப் போயிருக்கா. வர முடியாதுன்னு போன்லயே பாத்திருக்கா. ‘ரெண்டு கோல் போட்டேன்னு சொல்லுத, இங்கன ருமானா பேருலல்லா இருக்கு’ன்னு கேக்கா.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அந்தப் பக்கத்தச் செஞ்சது உங்க அக்காதானே?”

ருமானாவுக்குச் சுருக்கென்றது.

“மூணு மணிக்கு ஃபைனல். அதுக்குள்ள சரியாயிரும்டி,” என்றாள். எப்படிச் சரியாகும் என்று அவளுக்கே தெரியாது.

அக்கா பதருன்னிசா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். மைதானத்து ஓரத்தில், லேப்டாப் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, எம்பேருல கோல் ஏறியிருக்கு!”

“தெரியும்ட்டி. கோல் எண்ணுத இடத்த மூணு தடவ பாத்துட்டேன். கூட்டல்ல ஒரு தப்பும் இல்ல. பக்கத்த எழுதுன இந்த ஜாவாஸ்கிரிப்ட் என்னையப் பாத்துச் சிரிக்குது.”

“ஆட்டத்தத் திரும்ப ஒருக்கா ஓட்டிக் காட்டேன்.”

அக்கா காலை ஆட்டத்தின் பதிவுகளை அந்தப் பக்கத்தில் முதலிலிருந்து ஓட்டிக் காட்டினாள். பட்டியலில் மூன்றாவது வரி பொன்மணி. நான்காவது ருமானா. பொன்மணிக்கு இரண்டு கோல் ஏறியது. அதுவரை சரிதான். அடுத்து, முதல் வரியில் இருந்த முத்துச்செல்வி ஓய்வுக்கு வெளியே போனாள். அவள் பெயர் பட்டியலின் அடிக்குப் போனது. மற்றவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறினார்கள். உடனே ருமானாவின் பெயருக்கு நேரே இரண்டு கோல்!

“இன்னொருக்கா,” என்றாள் ருமானா.

இந்த முறை அவள் பெயர்களைப் பார்க்கவில்லை. திரையில் அந்த ‘2’ மேல் விரலை வைத்துக்கொண்டாள். பெயர்கள் ஏறின. ‘2’ விரலுக்குக் கீழேயே நின்றது.

“அக்கா! 2 நகரவே இல்ல. பேருதான் ஏறுது!”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடையாளம் குடுக்கணும். அத வச்சுத்தான் எது யாரோடதுன்னு பக்கம் ஞாபகம் வச்சுக்கும். நான் ஒண்ணாவது, ரெண்டாவதுன்னு நிக்கிற இடத்தையே அடையாளமாக் குடுத்திருக்கேன்.”

“அதெப்படி? பொன்மணி எந்த மூலைக்கு ஓடினாலும் அவ முதுகுல ஒம்பதுதானே இருக்கும்?”

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு ஒரே ஒரு சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஜெர்சி எண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதினாள்.

“நீயே அமுக்கு,” என்றாள்.

ருமானா பொத்தானை அமுக்கினாள். முத்துச்செல்வி கீழே போனாள். பொன்மணி மேலே ஏறினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டது போல ‘2’ கூடவே ஏறியது!

ருமானா திறந்த வாயை மூடவில்லை. இத்தனை பெரிய பக்கத்தில் மாறியது ஒரே ஒரு சொல். இனி ஊரில் யார் போனைத் திறந்தாலும், எங்கோ மிளகாய்க் காட்டில் நின்று பார்த்தாலும், கோல் பொன்மணியை விட்டுப் பிரியாது.

“பொன்மணி! இங்கன ஓடி வா!”

மூன்று பேரும் அதைப் பதினோரு தடவை பார்த்தார்கள். பொன்மணி கடைசித் தடவைதான் சிரித்தாள்.

“காலையில கோவத்துல சொல்லிட்டேன்டி.”

“எனக்கு ரெண்டு கோல் சும்மா குடுத்தியே, அது போதும்,” என்றாள் ருமானா.

ஃபைனலில் பொன்மணி ஒரு கோல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் முத்துச்செல்வி ஓய்வுக்கு வெளியே வந்தாள். லேப்டாப் முன்னால் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரைக் கீழே அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். அதற்குப் பிறகு நாலு முறை பந்து ருமானாவை நோக்கிப் பாய்ந்து வந்தது. நாலையும் அவள் தடுத்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள்.

விசில் ஊதியதும் டீச்சரின் போன் அடித்தது. பொன்மணியின் அம்மா. அவள் போடுகிற சத்தத்தில் போனைக் காதில் வைக்கவே முடியவில்லை.

“ஏட்டி பொன்மணி! இங்கன பதினாறு பேரும் மொளகா பறிக்கிறத விட்டுட்டு ஒத்தப் போனச் சுத்தி நிக்கோம். உம்பேரு மேல ஏறுச்சு, கோலும் கூடவே ஏறுச்சுட்டி! நான் அழுதே போட்டேன்!”

பொன்மணி ருமானாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் திரையைப் பார்த்தார்கள். பொன்மணிக்குக் கீழே, ‘ருமானா, கோல் 0’ என்று இருந்தது.

“உனக்கு ஒண்ணுமே இல்லியேடி,” என்றாள் பொன்மணி.

“ஏன் இல்ல?” ருமானா அந்தப் பூஜ்யத்தைத் தொட்டுக் காட்டினாள். “இது என்னோடது.”