மதினிக்கு வந்த கெட்ட பெயர்

சேலைக்கு மேல் காக்கிக் கோட்டை ஆனந்தவள்ளி மாட்டியதுமே இலஞ்சி ஊர் வீட்டில் ஏச்சு தொடங்கியது. நாத்தனார் உமா மகேஸ்வரி தேங்காய்த் துருவியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இன்னைக்கும் வேலைக்குப் போவுதீயளா மதினி? நாங்கல்லாம் தெருவுல உக்காந்திருக்கோம்... கருங்காலின்னு ஊரே சொல்லுது உங்களை!"

குற்றாலத்து அருவிக்கரையைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தப் பெண்களில் பாதிப் பேரை, நிதி குறைந்துவிட்டது என்று சீசன் தொடங்கும் நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். உமாவும் அதில் ஒருத்தி. வேலை பறிபோகாதவர்களும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, அருவிப் படிக்கு மேலே தெருவோரம் போட்ட போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஆட்டோக்காரர்கள், பழக்கடைக்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். வராதவள் ஆனந்தவள்ளி மட்டும்தான். புருஷனை இழந்து வந்த உமாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

"கூடப் பொறந்தவ மாதிரி உன்னை நம்பினாளேட்டி..." மாமியார் வடிவம்மாள் மூக்கைச் சிந்தினாள். "உன் புருஷன் மகாராஜா கேரளாவுல இருந்து வரட்டும். எம்புள்ளைட்ட கேக்கேன்!"

ஆனந்தவள்ளி கோட்டின் பொத்தானைப் போட்டாள். வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் தீருகிற பழிதான். பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குள் போலீஸ்காரர்கள் போவதில்லை. தண்ணீர் கூடினால் உள்ளே இறங்கிக் கரையேற்றுவது இந்தத் துப்புரவுப் பெண்கள்தான். எல்லோரும் பந்தலில் உட்கார்ந்துவிட்டால் குளிக்க வருகிறவர்கள் கதி? சங்கத் தலைவி சைதூன் பீவியிடம் அவளே போய்க் கேட்டாள். இருவரும் பேசி முடிவு செய்தார்கள். துடைப்பத்தைத் தொடுவதில்லை, சம்பளமும் இல்லை, காவலுக்கு மட்டும் நிற்பது. இது வெளியே தெரிந்தால், 'ஒருத்தியே போதுமே' என்று மற்றவர்களை ஒரேயடியாகக் கழற்றிவிடுவார்கள். உமாவிடம் சொன்னாலும் பந்தல் முழுக்கப் பரவிவிடும். அதனால்தான் இந்த மௌனம்.

"நேரமாச்சு அத்தை..." அவ்வளவுதான் சொன்னாள். சாரலில் இறங்கி நடந்தாள்.

மதியம் மலைமேல் கறுத்துப் பெய்தது. அருவி செம்மண் நிறமாவதைப் பார்த்ததும் ஆனந்தவள்ளி விசிலை ஊதினாள். "வெளிய வாங்கம்மா, வெள்ளம் வருது!" அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கண்ணெல்லாம் ஷாம்பு நுரை வேறு. ஒருத்தியைக் கரையேற்றினால் இன்னொருத்தி உள்ளே போனாள். ரகசியமாவது ஒன்றாவது! படியேறிப் பந்தலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏட்டி உமா! எல்லாரும் ஓடி வாங்கட்டி!"

முதலில் ஓடி வந்தவள் உமா. பின்னாலேயே மொத்தப் பந்தலும் வந்தது. கைகோத்து நின்று, கடைசிப் பெண் வரைக்கும் இழுத்துக் கரை சேர்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் குளித்த இடமே தெரியாமல் வெள்ளம் பாய்ந்தது.

அன்று பந்தலுக்குப் பேச்சுவார்த்தைக்கு வந்திருந்த அதிகாரிக்குக் குழப்பம். "இந்தம்மா மட்டும் எப்படி இங்கே?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? சைதூன் பீவி உடைத்துச் சொன்னாள். "சம்பளம் வாங்காம காவலுக்கு நின்னா சார். நாங்க ரெண்டு பேரும் பேசிச் செஞ்சதுதான்."

"அப்போ இவ்வளவு நாளும் ஒரு ஆளே போதுமா இருந்திருக்கே?"

எதற்குப் பயந்து அத்தனை ஏச்சையும் விழுங்கினாளோ, அந்தக் கேள்வி வந்தேவிட்டது. ஆனந்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள்.

"போதலேன்னுதான சார் எங்களைக் கூப்பிட்டா!" உமாவின் குரல் வெடித்தது. "நீங்க சொன்னதைக் கேட்டு நாங்க வீட்டுக்குப் போயிருந்தா, இப்போ எத்தனை பொணத்தைத் தூக்கியிருப்பீய?"

குளிக்க வந்து கரையேறிய பெண்களும் ஈரத் துணியோடு பந்தலில் போய் உட்காருவதையே பார்த்த அதிகாரி, "நிறுத்தினவங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி இன்னைக்கே எழுதுறேன்" என்றார்.

உமா திரும்பினாள். "என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மதினி? என் நாக்கு அழுகிப் போவும்... என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்!" ஆனந்தவள்ளியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஊரு ஏசினது வலிக்கலட்டி..." அவள் முதுகைத் தடவியபடி ஆனந்தவள்ளி மெல்லச் சொன்னாள். "நீயும் அதை நம்பிட்டியேன்னுதான்..."

இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது.