ஒரு சாண் தூரம்

அலுவலக வாசலில் இருந்த வருகைப்பதிவு இயந்திரம் அன்று காலை அவளுடைய கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. வைத்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், மறுபடியும் சிவப்பு. பின்னால் மழைக்கோட்டோடு வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

"என்னக்கா, பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே அழிஞ்சுபோச்சா?" என்றார் காவலாளி.

"எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறது அவரு. அவர் ரேகையைத்தான் தேடணும்."

காவலாளி சிரித்துக்கொண்டே தன் விரலை வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். மாடிப்படி ஏறும்போது கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு உரசிப் பார்த்தாள். சரக் என்று ஒரு சத்தம் வந்தது. மழையில் தோல் வறண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மழையில் எங்கேயாவது தோல் வறளுமா என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்கள் அவளுடைய ராஜ்ஜியம். தலைகீழாகக் கட்டிய வீடு, பல்செட்டு வடிவத்தில் சோபா, பள்ளத்தாக்குக்கு மேலே கண்ணாடித் தரை போட்ட பாலம், உப்பு ஏரியில் வானம் விழுந்து கிடக்கும் காட்சி என்று உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கூத்து நடந்தாலும் அந்தப் படம் அவள் மேசைக்கு வந்து சேரும். பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு கட்டம் உண்டு. தலைப்பு, 'இது என்ன?' ஏதாவது ஒரு பொருளை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்த படம் அதில் வரும். தீக்குச்சித் தலை, ஈயின் கண், பற்பசை நுரை. வாசகர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சிரிக்க வைக்கும் பதிலுக்குப் பரிசு. வாசகர்கள் முட்டிமோதுவார்கள், அவள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். மேசையில் எப்போதும் ஒரு லென்ஸ் கிடக்கும். ஆசிரியர் முதல் தேநீர் கொண்டுவருபவர் வரை எல்லாருக்கும் அவள் 'லென்ஸக்கா'.

அன்று வந்திருந்த படங்களில் ஒன்றை லென்ஸக்காவால் சொல்ல முடியவில்லை.

அனுப்பியவர் பெயர் இல்லை. சாம்பலும் பழுப்புமாகப் பாளம் பாளமான ஒரு பரப்பு, பாளங்களுக்கு நடுவே ஆழமான வெடிப்புகள், வெடிப்புகளின் அடியில் லேசான சிவப்பு. வறண்ட ஏரி என்றால் மண்ணின் மணிகள் தெரிய வேண்டும். மரப்பட்டை என்றால் நார் தெரிய வேண்டும். கண்ணைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள். ஒரு வாடை அடித்தது. பினாயில், அதற்கடியில் வெயிலே படாத பழைய போர்வை.

"லென்ஸக்காவே மண்ணைக் கவ்வியாச்சா! ஊருக்குச் சொல்லி அனுப்புங்கப்பா!" என்றார் பக்கத்து இருக்கை வடிவமைப்பாளர். அவளைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான்.

"உங்களுக்குப் பினாயில் வாடை அடிக்குதா?"

"எனக்கு ஜலதோஷம். எந்த வாடையும் அடிக்கல. படம் நல்லா இருக்கு, இந்த வாரம் இதையே போட்ருவோம். முன்னாடி ஒரு தடவை அந்தக் கை போட்டோமே, அந்த மாதிரி பிச்சுக்கிட்டுப் போகும்."

அந்தக் கை. அவளே அதை மறந்திருந்தாள், அல்லது மறந்ததாக நினைத்திருந்தாள்.

முதியோர் இல்லம் ஒன்றில் யாரோ எடுத்த படம் அது. கட்டிலில் ஒரு கிழவி, பொக்கை வாய் நிறையச் சிரிப்பு, போர்வைமேல் ஒரு கை. ஆயுள் முழுக்கச் சாயப்பட்டறைத் தொட்டியில் ஊறி வெந்த கை. இவள்தான் அந்தச் சிரிப்பை வெட்டினாள். கட்டிலை வெட்டினாள், போர்வையை வெட்டினாள், மணிக்கட்டை வெட்டினாள். ஒரே ஒரு விரல்நுனி மிஞ்சும்வரை வெட்டிவிட்டு அதைக் கட்டத்துக்குள் வைத்தாள். 'ஃபிரிட்ஜில் மறந்துபோன இஞ்சி' என்ற பதிலுக்குப் பரிசு போனது. அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது.

போன மாதம் ஒரு பெண் அந்தப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இவள் வயதுதான் இருக்கும்.

"அது எங்கம்மா கைங்க."

"முகம் தெரியலையேம்மா. யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சுதுங்களே. பக்கத்துக் கட்டில்காரங்க படிச்சுக் காட்டியிருக்காங்க. பரிசு வாங்குன பதிலையும் சேத்து." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னைக்குக் கையப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. நான் ஊட்டத்தான் சாப்பிட்டாங்க. சாகுற வரைக்கும் அந்தக் கையை வெளிய எடுக்கல."

லென்ஸக்காவுக்கு வந்தது வருத்தமில்லை, எரிச்சல். காலை நேரத்தில் இது என்னடா தலைவலி என்ற எரிச்சல். மன்னிப்பு மாதிரி ஒன்றை முணுமுணுத்து, வழியனுப்பக் கை நீட்டினாள். வந்தவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொதிந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எவ்வளவு மெத்துன்னு இருக்கு! எங்கம்மா கையும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சாம்."

அவள் போன பிறகு இவள் கையை ஈரக் காகிதத்தில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

மதியம் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கட்டைவிரலை வைத்தால் கைபேசியும் திறக்க மறுத்தது. நான்கு எண்களை அழுத்தித் திறந்தாள்.

"காய்ச்சல் இறங்கல," என்றார் கணவர். மகளைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்திருந்தார். "'அம்மா கை வேணும்'னு ஒரே பாட்டு. என் கை சொரசொரன்னு இருக்காம், நெத்தில வைக்கவே விட மாட்டேங்குறா."

"பக்கத்தை முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"உலகத்துல இருக்குற எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்குற. இவளையும் கொஞ்சம் வந்து பாரு."

அழைப்பை முடித்தாள். பிறந்ததிலிருந்து மகளுக்கு அந்தப் பழக்கம். அம்மாவின் உள்ளங்கை நெற்றியில் இருந்தால்தான் தூங்குவாள், ஆறு வயதாகியும். கையை எடுத்தால் தூக்கத்திலேயே தேடிப் பிடித்து மறுபடி வைத்துக்கொள்வாள். இந்த உலகத்தில் லென்ஸக்காவுக்கு என்று நிச்சயமாக ஒன்று இருந்தது என்றால் அந்த நெற்றிதான்.

திரைக்குத் திரும்பியபோது இரண்டாவது படம் வந்திருந்தது. அதே பரப்பு, கொஞ்சம் பின்வாங்கி எடுத்தது. இப்போது பாளங்கள் வளைந்தன, ஓர் ஓரமாகச் சரிந்தன, சரிவின் விளிம்பில் ஒரு நகம் தெரிந்தது.

"கையா?" என்றார் வடிவமைப்பாளர், எட்டிப் பார்த்து. "அதே பாட்டியா?"

"இல்ல. அந்தம்மா நகம் சுருண்டிருக்கும். இது வேற."

அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் வெட்டிய நகமல்லவா! படத்தை அழித்தாள். முதல் படத்தையும் அழித்தாள். பிறகு, ஏன் என்று தெரியாமல், லென்ஸை எடுத்துத் தன் கட்டைவிரல்மேல் வைத்துக் குனிந்தாள்.

வெறும் கண்ணுக்கு அது சாதாரண விரல். லென்ஸுக்கு அடியில் பாளங்கள். வெடிப்புகள். வெடிப்பின் அடியில் லேசான சிவப்பு. காலையில் பார்த்த படத்தில் இடது ஓரம் மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு வெடிப்பு இருந்தது. அது இங்கேயும் இருந்தது, அதே இடத்தில்.

லென்ஸ் கையிலிருந்து நழுவி மேசைமேல் உருண்டது. அறையில் குளிர்சாதனம் உறுமியது, யாரோ தும்மினார்கள், கண்ணாடி ஜன்னலில் மழை நிதானமாக வழிந்தது. பினாயில் வாடை இப்போது அவள் சட்டைக் கையிலிருந்தே வந்தது. ஒரு விஷயம் அவளுக்கு உறைத்தது. இப்படிப் படம் எடுக்க வேண்டும் என்றால் கேமரா ஒரு சாண் தூரத்தில் இருந்தாக வேண்டும். தள்ளி நின்று எடுக்கவே முடியாது. அவள் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள். எப்போது? எங்கே?

மூன்றாவது படம் அவள் கண்ணெதிரே, எதையும் தொடாமலே, திரையில் விரிந்தது.

முழுக் கை. ஒரு தலையணைமேல் கிடந்தது. தலையணை உறையில் மஞ்சள் வாத்துகள். ஒரு வாத்தின் கழுத்தில் கிழிசல், அதன்மேல் நீல நூல் தையல். மஞ்சள் நூல் தீர்ந்துபோன அன்று, 'வாத்துக்கு நீலக் கழுத்துப்பட்டி' என்று மகளைச் சமாதானப்படுத்தி அவள் போட்ட தையல். கையின் மணிக்கட்டுக்கு மேலே பிறை மாதிரி ஒரு வடு. பள்ளிச் சீருடையை இஸ்திரி போடும்போது சூடு பட்ட வடு.

அவளுடைய வடு.

படத்தின் ஓரத்தில் போர்வை, போர்வையில் என்னவோ மேடாக. அதை அவள் பார்க்கவில்லை. எதையும் தவறவிடாத லென்ஸக்கா அந்த வடுவை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையையும் மழைக்கோட்டையும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, பக்கம்?" என்று வடிவமைப்பாளர் பின்னால் கத்தினார்.

பேருந்தில் கம்பியைப் பிடித்தாள். கை கம்பியைச் சுரண்டியது. பக்கத்தில் நின்ற பெண் அவள் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிப்போய் நின்றாள். லென்ஸ் இல்லாமலே இப்போது வெடிப்புகள் தெரிந்தன. நகத்தைச் சுற்றித் தொடங்கி உள்ளங்கை வரை. வலியே இல்லை. வலித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கையை மழைக்கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள், பேருந்தை விட்டு இறங்கும்வரை வெளியே எடுக்கவில்லை. அந்தக் கிழவியும் இப்படித்தான் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள் என்ற நினைப்பு வந்தது. வெட்கம். இத்தனை தாமதமாக, தன் தலைமேல் விழுந்த பிறகு வந்த வெட்கம்.

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"நல்லவேளை வந்தே. மருந்து தீர்ந்துபோச்சு, ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடறேன். பக்கத்துல படு, கொஞ்சம் தூங்கட்டும்."

"போகாதீங்க."

"கடை மூடிடுவான்ம்மா. உன் கை இருந்தா அவளுக்கு மருந்தே வேணாம், நீ போ."

கதவு சாத்திக்கொண்டது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி மறைந்தது.

மகளின் அறையில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. மழை நாளின் சாயங்கால வெளிச்சம் துணி வழியாகச் சாம்பல் நிறத்தில் கசிந்தது. காய்ச்சல் மூச்சின் வெப்பம், மருந்தின் இனிப்பு வாடை. அதற்கடியில் பினாயில். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மகளை அலுங்காமல் அணைத்துப் படுத்து, கையைப் போர்வைக்குள் ஆழமாக மறைத்துக்கொண்டாள்.

"அம்மா." கண் திறக்கவில்லை. "கை."

"அம்மா இங்கதான் இருக்கேன்டா."

"கைய வைம்மா."

"அம்மா கை ஜில்லுன்னு இருக்கு."

"பரவால்ல. வை."

"அப்பா வரட்டும். தூங்குடா கண்ணு."

போர்வைக்குள் சூடான சின்ன விரல்கள் புறப்பட்டன. தேடின. அவள் கையை முதுகுக்குப் பின்னால் இழுக்கப் பார்த்தாள். கை நகரவில்லை. கை அவளுடையது மாதிரியே இல்லை. சின்ன விரல்கள் அதைக் கண்டுபிடித்தன. இரண்டு கைகளாலும் பற்றின. இழுத்தன.

தலையணைமேல் வந்து கிடந்தது. மஞ்சள் வாத்து. நீல நூல்.

மகள் கண்ணைத் திறந்தாள். அழவில்லை. முகத்தை அருகில் கொண்டுவந்தாள். ஒரு சாண் தூரம்.

"இது என்னம்மா?"

எத்தனை வருஷம் எத்தனை படங்களுக்குக் கண்ணிமைக்கும் முன் பதில் சொன்னவள். வாயைத் திறந்தாள். நாக்கு நுனிக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. இஞ்சி. அதை விழுங்கினாள்.

மகள் தன் விரல்களைப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றோடொன்று உரசினாள்.

சரக்.

பிறகு இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பாப்பா. கையக் காட்டு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அம்மாகிட்டக் காட்டுடா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மறுபடியும் தலையாட்டல். கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தன. போர்வைக்குள் இரண்டு சின்ன மேடுகள், பக்கத்தில் பக்கத்தில். மூன்றாவது படத்தின் ஓரத்தில் இருந்த மேடுகள். அவள் பார்க்காமல் விட்டவை.

க்ளிக்.

காதுக்குப் பின்னால். அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

க்ளிக்.

கிட்டே. தலையணையைத் தாண்டி. அவள் கையைத் தாண்டி. இன்னும் கிட்டே. போர்வைக்குள் குவிந்திருந்த அந்த இரண்டு மேடுகளுக்கு ஒரு சாண் மேலே.