சூடு ஆறும் வரை

கொதிக்கிற இன்ஜின் மேல் போட்ட ஈரத்துணி இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். இது காயவில்லை. பத்து நிமிடம் கழித்து மூக்கன் எடுத்துப் பார்த்தபோது, போட்டபோது இருந்ததைவிட அதிகமாக நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டவில்லை, நூலாக நீண்டு தொங்கியது. விரல்களைப் பிரித்தான். நடுவே வழவழவென்று ஒரு ஜவ்வு. சீ, கருமம் என்று பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

மூக்கன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பானெட்டைத் திறந்ததும் மோந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பதற்காகப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கொடுத்த பட்டம். பெட்ரோல் கசிவுக்கு ஒரு வாடை, கருகிய ஆயிலுக்கு ஒன்று, ரேடியேட்டர் ஒழுகினால் தித்திப்பாக ஒன்று என்று பதினெட்டு வருடத்தில் அவனுக்குத் தெரியாத நாற்றமே கிடையாது. இதுவும் தெரிந்த நாற்றம்தான், இருக்கிற இடம்தான் தப்பு. மூன்று நாள் காய்ச்சலில் பல் விளக்காமல் கிடந்த ஆள் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டால் வருமே, அது. காருக்குள்ளிருந்து எச்சில் நாற்றம்.

கார் அவன் தங்கையுடையது. யாரோ ஓட்டிய பழைய வண்டியை ஆறு மாதத்துக்கு முன்பு வாங்கியிருந்தாள். காலையில் சாவியைத் தொட்டாலே கிளம்பும். சூடான பிறகு அணைந்துவிட்டால் அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் லொடலொடவென்று சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாகக் கிளம்பும். போன வாரம் தண்டவாளத்தைக் கடக்கும்போது நட்டநடுவில் அணைந்துபோனது. பின்சீட்டில் பத்து மாதக் குழந்தை. லாரிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். இன்று நாலு மணிக்கு அதே காரில், அதே குழந்தையோடு, ஆறு மணி நேர மலைப்பாதையில் தனியாக ஓட்டிக்கொண்டு புருஷனுக்கு மாற்றலான ஊருக்குப் போகப்போகிறாள். நீ பார்த்துச் சொன்னால் போகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டுப் போயிருந்தாள். அந்த நம்பிக்கைதான் காலையிலிருந்து அவனைத் தின்றுகொண்டிருந்தது.

மணி மூன்று. தகரக் கூரை வெயிலில் டப் டப்பென்று வெடித்தது. சூட்டில் படுத்துவிடுகிற சாமான் எது என்று கண்டுபிடிக்க மூக்கனுக்கு ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துணியைப் போட்டுக் குளிரவைத்து, சாவியைத் திருப்பிப் பார்ப்பான். எது குளிர்ந்ததும் இன்ஜின் பிடிக்கிறதோ அதுதான் திருடன். காலையிலிருந்து சென்சாருக்குப் போட்டான், இக்னிஷன் காயிலுக்குப் போட்டான், பம்புக்குப் போட்டான். எதிலும் பிடிக்கவில்லை. வாளித் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது, குழாயில் இனி ஐந்து மணிக்குத்தான் வரும். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பெட்ரோல் டேங்கில் எழும் ஆவியை இன்ஜினுக்குக் கொண்டுபோகிற விரல் தடிமன் ரப்பர் குழாயும், அதன் நடுவில் இருக்கிற வால்வும். துணி நனைந்தது அங்கேதான்.

குனிந்து பார்த்தான். குழாயின் மூட்டைச் சுற்றி ஈக்கள். கையால் விரட்டினான், பறக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தன. கால்கள் மட்டும் அசைந்தன. இதை மாற்றித் தொலைத்தால் சனி விட்டது என்று கிளிப்பைத் தளர்த்தினான். குழாய் கழன்றபோது சப்பென்று ஒரு சத்தம், உதட்டைப் பிரிப்பது போல. அந்த நாற்றம் மொத்தமாக முகத்தில் மோதியது.

வால்வு சூட்டில் மூடாமல் நிற்கிறதா என்று பார்க்கக் கைப்பம்பு ஒன்று இருக்கிறது. அது அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. எந்த மெக்கானிக் அதை எடுக்கிறான்? வாயை வைத்து ஊதுவான். காற்று போனால் வால்வு போச்சு, போகாவிட்டால் நல்லாயிருக்கிறது. இரண்டு விநாடி வேலை. கண்ட குழாயிலும் வாய் வைத்துவிட்டு அந்த வாயோடு என்கிட்ட வராதே என்று மனைவி கல்யாணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். மூக்கன் குழாய் முனையைச் சட்டையில் துடைத்தான். இரண்டு தடவை துடைத்தான். துடைக்கத் துடைக்க ஊறியது. நாலு மணி, மலைப்பாதை, குழந்தை என்று நினைத்துக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்து ஊதினான்.

போகவில்லை.

இன்னும் அழுத்தி ஊதினான். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஊதியது. வெதுவெதுப்பாக. நிதானமாக. இன்ஜின் ஓடவில்லை, பம்ப் ஓடவில்லை, சாவி அவன் பையில் இருந்தது. பிடுங்கி எறிய நினைப்பதற்குள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நாக்கின் மேல் இன்னொரு நாக்கு. மயிர் இருந்தது அதில். தொண்டையில் நிற்காமல் ஒதுங்கி, அண்ணத்தின் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தது.

விரலை விட்டுக் குடைந்தான். ஓங்கரித்தான். மஞ்சள் தண்ணீர் வந்தது, காலையில் குடித்த டீ வந்தது, அது வரவில்லை. விரல் பட்டதும் சுருங்கி உள்ளே போனது. மூச்சு நின்றது. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள். தடுமாறிப்போய் வாளியைக் கவிழ்த்து, மிச்சமிருந்த ஒரு சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினான். குளிர்ந்தது. அது சுருங்கியது. காற்று உள்ளே போனது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. எத்தனை வண்டி பார்த்தவன். சூட்டில் உப்பும், ஆறினால் சுருங்கும்.

குழாயை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினான். கொதிக்கிற இன்ஜின், முதல் திருப்பிலேயே பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான். பிடித்தது. ஒட்டியிருந்த ஈக்கள் காய்ந்து உதிர்ந்து கிடந்தன. வண்டியில் பெட்ரோல் வாடையைத் தவிர வேறு வாடையே இல்லை.

நாலு மணிக்குத் தங்கை வந்தாள். குழந்தை இடுப்பில். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, என்ன உடம்பு இப்படிக் கொதிக்கிறது என்றாள். அவன் ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டுக் காரைக் காட்டினான். அவளே உட்கார்ந்து மூன்று தடவை அணைத்து எழுப்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் சுகமாகக் கிளம்பியது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது அவளுக்கு.

"உன் கை பட்டா போதும்ணா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு."

அவனுக்கும் அழுகை வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினான். போய்விடு, பாப்பா. சீக்கிரம் கிளம்பு என்று மனசுக்குள் தங்கையைக் கெஞ்சினான். வாய்க்குள் அது மெல்லப் புரண்டது.

"சூட்டோட சூடா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். மலையேறுறதுக்கு முன்னாடி எனக்கே ஒரு தைரியம் வேணும்ல. இவளைக் கொஞ்சம் வச்சிக்கோ."

அவன் பின்வாங்கினான். இரண்டு கைகளையும் விரித்து, கிரீஸைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"கறைதானே. எப்படியும் குளிப்பாட்டத்தான் போறேன். மாமாகிட்ட போடி செல்லம்."

அவள் குழந்தையை அவன் மார்பில் சாய்த்துவிட்டாள். விட்டால் சிமெண்ட் தரையில் விழும். கைகள் தாமாகவே பிடித்துக்கொண்டன. கத்த வாயைத் திறந்தான், சத்தம் வரும் வழி அடைத்துக்கொண்டிருந்தது. கார் ஒரு விக்கல்கூட இல்லாமல் தெருமுனையில் திரும்பியது.

தகரம் வெடித்தது. டப். டப். வாளி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர்க் குழாயைத் திருகினான். காற்று. ஆணியில் மாட்டியிருந்த ஈரத்துணியைத் தேடினான். அட்டை மாதிரி காய்ந்திருந்தது. உடம்பு கொதித்தது. அது உப்பியது. கன்னம் புடைத்தது. பல்வரிசையை உள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தடவியது.

குழந்தையைக் கீழே விட வேண்டும். முழங்கால் மடங்கவில்லை. கைகள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. இன்னும் இறுக்கின.

குழந்தை எப்போதும் அவன் மூக்கைத்தான் பிடித்து இழுக்கும். இன்று மூக்கைப் பார்க்கவில்லை. வாயையே பார்த்தது. பிஞ்சு விரல்களால் மூடிய உதட்டைத் தட்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

உதடு சப்பென்று பிரிந்தது.

குழந்தையின் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்து, நூலாக நீண்டு, அறுபடாமல் நின்றது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பாக, நிதானமாக, அது இறங்கத் தொடங்கியது.