புது ஓட்டு வீட்டில் முதல் பால்

கதவு தட்டும் சத்தத்தில் பஞ்சம்மாளுக்கு எரிச்சல் வந்தது. மூட்டை கட்டுகிற நேரத்தில் எவன் இவன்...

திறந்தாள். சாரலில் தொப்பலாக நனைந்த ஓர் இளைஞன். ஒரு கையில் பால் சொம்பு, இன்னொரு கையில் ஈர விறகு.

"வீட்ட இன்னும் காலி பண்ணலையா?"

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது.

"ஓ... மூணு மடங்கு வாடகைக்குத் தலையாட்டின ரைட்டர் நீங்கதானா?"

பெரியாற்றில் அணை வேலை தொடங்கியதிலிருந்து கூடலூரில் வாடகை ஏறிக்கொண்டே போனது. வீட்டுக்காரர் சங்கரலிங்கமும் இந்த வீட்டின் ஓலைக் கூரையைப் பிரித்து ஒரு மாதமாக ஓடு போட்டார். அந்த ஒரு மாதமும் பஞ்சம்மாளும் அப்பா சுருளிவேலும் பின்பக்கச் சாய்ப்பில் கிடந்தார்கள். வேலை முடிந்ததும் வாடகை மூன்று மடங்கு என்றுவிட்டார். குமுளிப் பாதை வண்டிக்காரர்களுக்கு அவள் அந்த வாசலில்தான் ஆப்பம் சுட்டு விற்றாள். வாசல் போனால் பிழைப்பும் போச்சு.

"இருக்குறவுகளக் கெளப்பிட்டுத்தான் தர்றாகன்னு எங்கிட்டச் சொல்லலையே..." அவன் முகம் வாடியது. அவன் சண்முகராஜ், சுண்ணாம்புக் காளவாசலில் கணக்கெழுதும் ரைட்டர். "நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னைக்குப் பால் காய்ச்சலைன்னா ஒரு மாசத்துக்குக் குடிவர முடியாது. அதுவும் பொம்பள கையாலதான் காய்ச்சணுமாம், வீட்டுக்காரர் சொல்லிட்டாக. எங்க ஆத்தா சின்னமனூர்லருந்து வரணும்... ஆத்துல தண்ணி, வண்டி நின்னு போச்சு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நான் போறேன்."

திரும்பி நடந்தான். சண்டைக்கு வந்தவன் சண்டை போடாமலே போனால் எப்படி... பஞ்சம்மாளுக்குக் கோபம் அவன் மேலா, தன் மேலா என்றே தெரியவில்லை.

"நில்லுங்க. ஒரு அடுப்புப் பத்த வச்சுக் குடுத்தா நாங்க ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம்!"

சாய்ப்பிலிருந்து தணல் அள்ளி வந்தாள். புது ஓட்டுக்குக் கீழே யாரும் இன்னும் தீ மூட்டாத அடுப்பு. ஊதி ஊதிக் கண் சிவந்தது. புகைக்கு நடுவே அந்தக் கண்கள்... கோபப்பட மறந்துபோன கண்கள்... சண்முகராஜ் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான். பால் பொங்கி வழிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கரலிங்கம் வந்தார். சாமான் ஏற்ற வண்டி பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுருளிவேலும் வந்தார்.

"ஏலே சுருளி, ஒம்மக என்ன காரியம் பண்ணிட்டா! மொதப் பால் பொங்க வச்சவள அன்னைக்கே வெளிய அனுப்பினா என் வீட்டு லட்சுமியில்ல போயிருவா? ஆடி முடியுற வரைக்கும் பழைய வாடகைக்கே இருங்க."

சண்முகராஜ் சிரித்துக்கொண்டே, தான் தங்கியிருந்த காளவாசல் கொட்டகைக்கே திரும்பிப் போனான்.

மறுநாள் காலை ஆப்பம் தின்ன வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

"வீட்டப் பாக்க வர்றீகளா, ஆப்பம் திங்க வர்றீகளா?"

"ரெண்டுக்கும் இல்ல..." அடுத்த ஆப்பத்துக்கு இலையை நீட்டுவான். ஒருநாள் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஆவணியில ஏறுற வாடகைய... நான் குடுக்கட்டுமா?"

"தருமமா? இனிமே இங்கன ஆப்பம் இல்ல. போங்க."

போனான். ஒன்பது நாள் வரவில்லை. அவன் உட்காரும் இடத்தில் வேறு யார் உட்கார்ந்தாலும் அவளுக்கு ஆப்பம் கருகியது.

ஆவணி பிறந்தது. சாரலில் குடை பிடித்துக்கொண்டு சங்கரலிங்கம் வந்து நின்றார். "மூணு மடங்கு யாரு தரப்போறது?"

"நான்." சண்முகராஜின் குரல்!

பஞ்சம்மாள் ஆப்பச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். "அப்ப நாங்க கெளம்புறோம்..."

"நீ கெளம்பிட்டா எனக்கெதுக்கு இந்த வீடு?" முதல்முறையாக அவளை நீ என்றான். "அன்னைக்குப் புகைக்குள்ள ஒன் கண்ணப் பாத்ததுலருந்து எனக்கு வேற எடம் தோணல. ஒன்ன எனக்குப் பிடிச்சிருக்கு, பஞ்சம்மா. ஆத்தா பொண்ணு கேக்க வந்திருக்காக. தெருவுல வண்டியில இருக்காக."

சுருளிவேல் மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையனின் ஊர், குலமெல்லாம் அவர் ஆடியிலேயே விசாரித்து முடித்திருந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாடகையில பாதி என் ஆப்பக் காசு. சம்மதமா?"

"சம்மதம்..."

"பெறகென்ன? அத்தைய ஏன் மழையில ஒக்கார வச்சிருக்கீக... உள்ள கூட்டிட்டு வாங்க. நான் பால் வைக்கிறேன்."